தைராய்டும் உன் தட்டும்

அன்புள்ள கயல்,

தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோன் உனக்குக் கொஞ்சம் கூடியிருக்கிறது என்று அண்ணன் போனில் சொன்னார். டாக்டர் தரும் மாத்திரை வேண்டாம், சாப்பாட்டிலேயே சரிசெய்துகொள்கிறேன் என்று செலினியம் மாத்திரையும் கடல்பாசிப் பொடியும் வாங்கியிருக்கிறாயாம். மாத்திரைக்குப் பயந்து மாத்திரை வாங்கிய ஆள் நீதான்! சாப்பாட்டில் உனக்கு அக்கறை வந்ததில் சந்தோஷம். ஆனால் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டு சாப்பிடு.

தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோனில் நான்கு அயோடின் அணுக்கள் உண்டு. அயோடினை அதில் கோக்கும் நொதிக்கு இரும்பு வேண்டும். டி4, உடம்புக்குப் பயன்படும் டி3 ஆக மாற செலினியம் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் சுரப்பி திணறும். அதற்காக அள்ளிக் கொட்டினால் வேலை வேகமாக நடக்காது. அயோடின் மிதமிஞ்சினாலும் தைராய்டு கெடும். கடல்பாசிப் பொடியில் அது எவ்வளவு இருக்கும் என்பதற்குக் கணக்கே கிடையாது. செலினியம் கூடினால் முடி கொட்டும், நகம் உடையும். இரண்டையும் ஓரமாக வை.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். அதற்கு அயோடின் சேர்த்த உப்பே வழி. இமாச்சலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி தொடங்கிய ஆய்வில், அயோடின் உப்பு கொடுத்த ஊர்களில் கழுத்துக்கழலை குறைந்தது. நீ ஆசையாக வாங்கும் இந்துப்பிலும் கல் உப்பிலும் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதில்லை. பாக்கெட்டில் அயோடின் உப்பைக் காட்டும் சிரிக்கும் சூரியன் முத்திரை இருக்கிறதா என்று பார். அயோடின் வீணாகாமல் இருக்க உப்பை மூடிவை, சமைத்து இறக்கும்போது போடு.

நீ சோர்வாக இருப்பதாகவும் அண்ணன் சொன்னார். அதற்கு தைராய்டு மட்டுமே காரணம் என்று முடிவுகட்டாதே. மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகும் பெண்ணுக்கு இரும்புச்சத்துக் குறைவே ஆளைச் சாய்த்துவிடும். ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12 மூன்றையும் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேள். வீட்டில் ஈரல், மத்தி, முட்டை, காராமணி, முருங்கைக்கீரை என்று மாற்றி மாற்றிச் செய். கீரை, பயறு சாப்பிடும்போது எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு உடம்பில் சேர அது உதவும். சாப்பிட்ட கையோடு காபி குடித்தால் இரும்பு சேர்வதையே அது தடுத்துவிடும். தைராய்டுக்கு ஆகாது என்று முட்டைக்கோஸுக்குப் பயப்படாதே, வேகவைத்து அளவாகச் சாப்பிடலாம்.

சுரப்பியே பழுதாகி ஹார்மோன் குறைந்தால் எந்தக் கீரையும் அதை ஈடுகட்டாது. டாக்டர் தைராய்டு மாத்திரையான லெவோதைராக்சின் எழுதினால் மறுக்காதே. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடு. காபிக்கும் டிபனுக்கும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறு. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இல்லையென்றால் தைராய்டு மருந்து சரியாக உடம்பில் சேராது. குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணமிருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல். கர்ப்பத்தில் அயோடின் தேவையே 250 மைக்ரோகிராம் ஆகிவிடும், மருந்தின் அளவும் மாறலாம்.

முடிக்கென்று பயோட்டின் சாப்பிடுகிறாய் அல்லவா? அது தைராய்டு ரிசல்ட்டைத் தப்பாகக் காட்டிவிடலாம். அடுத்த முறை ரத்தம் கொடுக்கும் முன் அதை எப்போது நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள். மருந்து வேண்டுமா, அளவு என்ன என்பதெல்லாம் அந்த ரிசல்ட்டை வைத்துத்தான் முடிவாகும்.

அன்புடன்,
அத்தை