ஒரு கார்டு, ஆறு வாசல்!



கீபோர்டு கற்கும் நம்மில் பலர் மேஜர், மைனர் கார்டுகளை நன்றாக வாசிப்போம். ஆக்மென்டட் கார்டு என்றால் மட்டும் "பேய்ப்பட சத்தம் மாதிரி இருக்கே" என்று ஒதுக்கிவிடுவோம். தியரித் தேர்வுக்காக 12-ஐயும் மனப்பாடம் செய்து, மறுநாளே மறந்தும் விடுகிறோம். மனப்பாடமே வேண்டாம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எண்ணுவோம்

ஒரு சி கட்டையிலிருந்து அடுத்த சி கட்டை வரை, வெள்ளை, கறுப்பு எல்லாம் சேர்த்து 12 படிகள். சி மேஜர் என்பது சி, ஈ, ஜி. இடையில் 4 படி, பிறகு 3 படி. மைனரில் முதலில் 3, பிறகு 4. ஆக்மென்டட்டில் இரண்டுமே 4. அதாவது சி, ஈ, ஜி ஷார்ப். அங்கிருந்து மேல் சி-க்கும் 4 படிதான். 4+4+4=12. கணக்கு கச்சிதமா முடிஞ்சிடுச்சு!

ஏன் அந்தத் தவிப்பு?

வட்ட மேசையைச் சுற்றி மூன்று பேர் சம தூரத்தில் உட்கார்ந்தால் யார் தலைவர்? சொல்ல முடியாது இல்லையா? அதே கதைதான். எது மூலச் சுரம் என்று காதுக்குப் பிடிபடாததால், கார்டு அந்தரத்தில் தொங்குவது போல இருக்கிறது. ஈ-யில் தொடங்கினாலும் அதே மூன்று கட்டைகள்தான். எனவே 12 கட்டைக்கு மொத்தம் நாலே நாலு கார்டு!

எழுதும்போது மட்டும் கவனம். ஈ ஆக்மென்டட்டை ஈ, ஜி ஷார்ப், பி ஷார்ப் என்றுதான் எழுத வேண்டும். பி ஷார்ப்பும் சி-யும் ஒரே கட்டைதான். ஆனாலும் சி என்று எழுதினால் மார்க் போச்சு!

ஆறு வாசல்

சி, ஈ, ஜி ஷார்ப் மூன்றையும் அழுத்துங்கள். ஏதாவது ஒரு விரலை மட்டும் ஒரு படி நகர்த்துங்கள்.

ஜி ஷார்ப்பை இறக்கினால் சி மேஜர்.
ஈ-யை இறக்கினால் ஏ ஃப்ளாட் மேஜர்.
சி-யை இறக்கினால் ஈ மேஜர்.
ஜி ஷார்ப்பை ஏற்றினால் ஏ மைனர்.
ஈ-யை ஏற்றினால் எஃப் மைனர்.
சி-யை ஏற்றினால் சி ஷார்ப் மைனர்.

நாலு கார்டுக்கும் இப்படியே வாசித்து நோட்டில் எழுதினேன். 4x6=24. பன்னிரண்டு மேஜரும் பன்னிரண்டு மைனரும் ஒன்று விடாமல் வந்துவிட்டன! ஒரு பாட்டு ஒரு சுருதியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ இதைவிட நல்ல பாலம் ஏது?

உங்களுக்குத் தெரியுமா?

* இந்தக் கார்டைப் பற்றியே ஜெர்மனியின் வைட்ஸ்மன் 1853-ல் தனி நூல் எழுதினார்.

* ஹங்கேரியில் பிறந்த லிஸ்ட்டின் ஃபவுஸ்ட் சிம்பொனி 1857-ல் வைமர் நகரில் முதன்முதலாக அரங்கேறியது. எவ்வளவு படித்தும் நிம்மதி கிடைக்காத அறிஞரின் கதை அது. அதன் தொடக்கத்திலேயே நாலு ஆக்மென்டட் கார்டுகளும் சுரம் சுரமாக இறங்கி வருகின்றன. 12 சுரங்களும் வந்துவிடும்!

* பாட்டு வகுப்பில் சரளி வரிசை பாடுபவர்களே! மாயாமாளவகௌளையில் ச-வை சி கட்டையில் வைத்தால், க-வும் த-வும் ஈ, ஜி ஷார்ப் கட்டைகளில்தான் விழும். நமக்கு ரொம்பப் பழகின சுரங்கள்தான்!

உங்களுக்கு ஒரு கேள்வி

டி ஆக்மென்டட்டில் (டி, எஃப் ஷார்ப், ஏ ஷார்ப்) ஒவ்வொரு விரலாக இறக்கினால் எந்த மூன்று மேஜர் கார்டுகள் வரும்? விடையைக் கீழே உள்ள கட்டத்தில் பென்சிலால் எழுதுங்கள். வாசித்துப் பார்த்துவிட்டு எழுதினால் இன்னும் நல்லது!

– ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு