பிள்ளைக்கு மூட்டு அதிகமாக வளைகிறதா?



ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு தம்பதியர் 7 வயது மகளுடன் வந்தார்கள்.

“டாக்டரம்மா, கொஞ்ச தூரம் நடந்தாலே கால் வலிக்குதுன்னு உட்கார்ந்துடறா. ராத்திரியில அழறா. சோம்பேறின்னு அவங்கப்பா அடிச்சுட்டாரு” என்றாள் தாய்.

டாக்டர் சிறுமியின் கைகால்களை மடக்கி, நீட்டிப் பார்த்தார்.

“இது சோம்பல் இல்லைம்மா. எலும்புகளைக் கட்டிப் பிடிக்கிற நார் இவளுக்குத் தளர்வா இருக்கு. மூட்டு நிலையா நிற்கத் தசை கூடுதலா உழைக்குது. அதான் சீக்கிரம் களைச்சு வலிக்குது.”

எப்படித் தெரிந்துகொள்வது?

5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு டாக்டர் 9 மதிப்பெண் சோதனை செய்வார். இடம், வலம் தனித்தனியே ஒரு மதிப்பெண்:

1. சுண்டு விரல் பின்புறம் 90 பாகைக்கு மேல் சாய்வது - 2
2. கட்டை விரல் முன்கையைத் தொடுவது - 2
3. முழங்கை பின்னோக்கி 10 பாகைக்கு மேல் வளைவது - 2
4. முழங்கால் அவ்வாறே வளைவது - 2
5. முழங்கால் மடக்காமல் குனிந்து உள்ளங்கைகளைத் தரையில் பதிப்பது - 1

6 அல்லது அதற்கு மேல் இருந்தால் மூட்டுத் தளர்வு உண்டு. வலியோ தொல்லையோ இல்லையென்றால் அது நோயல்ல, வைத்தியமும் வேண்டாம். சிறு பிள்ளைகளின் மூட்டு இயல்பாகவே வளையும். வயது ஏற ஏறப் பெரும்பாலும் இறுகும்.

செய்ய வேண்டியவை

* தினமும் உட்கார்ந்து எழுதல், குதிகாலை உயர்த்தி நிற்றல், சைக்கிள், நீச்சல். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். விளையாட்டை அடியோடு நிறுத்தினால் தசை இன்னும் பலவீனமாகும்.
* எழுதும்போது விரல் வலித்தால் பென்சிலில் துணி சுற்றித் தடிமனாக்குங்கள். ஆசிரியரிடமும் சொல்லி வையுங்கள்.

செய்யக் கூடாதவை

* “விரலை வளைச்சுக் காட்டு” என்று வேடிக்கை பார்க்காதீர்கள்.
* மூட்டை இழுத்து நீவிவிடாதீர்கள்.
* இது பரம்பரையாக வரக்கூடியது. “உங்க பக்கமா, எங்க பக்கமா” என்று சண்டை வேண்டாம்.

தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்

மூட்டு வீங்கினால், காலையில் விறைத்திருந்தால், அடிக்கடி நழுவினால், காய்ச்சலோடு வலித்தால், பிள்ளை நொண்டினால், கைகால் பலமில்லாதிருந்தால், தோல் ரப்பர்போல் இழுபட்டால், அல்லது பிள்ளை மிக உயரமாய், நீண்ட விரல்களுடன், பார்வைக் குறைவோடு இருந்தால் இது வேறு நோயாக இருக்கலாம். இதயம், கண் பரிசோதனையும் தேவைப்படலாம்.

தந்தை தலைகுனிந்தார். “இனி அடிக்க மாட்டேங்க. சாயங்காலம் நானும் இவளோட சேர்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கேன்.”

தளர்ந்த மூட்டுக்குத் தசையே காவல்!
வலிக்கும் பிள்ளைக்குப் பெற்றோரே துணை!