பழைய லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ்? முதலில் உங்கள் வேலையைப் பட்டியல் போடுங்கள்

வேப்பம்பட்டு, திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கம் பல வீடுகளில் பள்ளியிலோ கல்லூரியிலோ கிடைத்த அரசு லேப்டாப் இன்னும் இருக்கும். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தது. அதில் விண்டோஸ் 10 ஓடுகிறதா? அப்படியானால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. பாதுகாப்பு அப்டேட் வராத கணினியில் வங்கி வேலை பார்ப்பது ஆபத்து. விண்டோஸ் 11 போடலாம் என்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய கணினிகள் அதற்குத் தகுதி பெறாது.

அதற்காக லேப்டாப்பைத் தூக்கிப் போட வேண்டாம். லினக்ஸ் இலவசம், பழைய கணினியிலும் ஓடும். உங்க கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடித்தளமே லினக்ஸ்தான்!

எந்த லினக்ஸ் என்பது இரண்டாவது கேள்வி

புதிதாக வருபவர்கள் "எது நல்ல லினக்ஸ்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது, "நான் இந்தக் கணினியில் என்ன வேலை செய்கிறேன்?" ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

• அரசு சேவைகள்: இ-சேவை, பட்டா சிட்டா, டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் எல்லாம் பிரவுசரிலேயே முடியும். ஃபயர்ஃபாக்ஸ், குரோம் இரண்டும் லினக்ஸில் உண்டு.

• வேர்டு, எக்செல்: லிப்ரே ஆபீஸ் போதும். பழைய ஃபைல்களையும் திறக்கும். மேக்ரோ போட்ட எக்செல் ஷீட் மட்டும் சரியாக ஓடாமல் போகலாம்.

• வாட்ஸ்அப், ஜூம், வீடியோ: வாட்ஸ்அப்பை பிரவுசரில் திறக்கலாம். ஜூம், விஎல்சி இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பு இருக்கிறது.

• டேலி: லினக்ஸுக்கென்று தனிப் பதிப்பு இல்லை. கடைக் கணக்கு முழுக்க டேலியில் இருந்தால் அவசரப்பட்டு மாறாதீங்க.

• ஆட்டோகேட்: இதுவும் லினக்ஸில் இல்லை. சிப்காட் வேலைக்காக வரைபடம் பழகும் ஐடிஐ, டிப்ளமோ மாணவர்கள் கவனிக்கவும். பயிற்சிக்கு லிப்ரேகேட், ஃப்ரீகேட் உதவும். ஆனால் நிறுவனம் ஆட்டோகேட் கேட்டால் அதைத்தான் பழக வேண்டும்.

• தமிழ் தட்டச்சு: தமிழ்99 விசைப்பலகை செட்டிங்ஸிலேயே கிடைக்கும். வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஃபைல்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத எழுத்துகளாகத் தெரியும். மாறுவதற்கு முன்பே அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

• பிரிண்டர், டிஜிட்டல் கையொப்ப டோக்கன்: மாடல் பெயரைச் சொல்லி, லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஹெச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் சிக்கல் தராது.

இப்போது தேர்வு செய்யலாம்

பட்டியலில் எல்லாவற்றுக்கும் வழி கிடைத்துவிட்டால் மீதி எளிது. தொடக்கக்காரர்களுக்கு மூன்று போதும்.

1. லினக்ஸ் மின்ட்: விண்டோஸ் பழகியவர்களுக்கு உடனே பிடிபடும். ரேம் 4 ஜிபியோ அதற்கும் குறைவோ என்றால் இதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள்.

2. உபுண்டு: ரேம் 8 ஜிபி இருந்தால் வசதியாக ஓடும். பெயருக்குப் பின்னால் 'எல்டிஎஸ்' என்று இருப்பதை மட்டும் எடுங்கள். 2024 ஏப்ரலில் வந்த 24.04 எல்டிஎஸ் பதிப்புக்கு 5 ஆண்டுகள் அப்டேட் வரும்.

3. பாஸ் லினக்ஸ்: சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளை மனதில் வைத்துச் செய்தது. அரசு லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸுடன் இதுவும் சேர்ந்தே வந்தது. உங்களுடையதில் இருப்பது பழைய பதிப்பாக இருக்கும், புதியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

போடும் முன் ஓட்டிப் பாருங்கள்

வண்டி வாங்கும் முன் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்போம் இல்லையா? லினக்ஸிலும் அந்த வசதி உண்டு. அதிகாரப்பூர்வ இணையதளத்தில் இருந்து ஐஎஸ்ஓ ஃபைலை டவுன்லோடு செய்து, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் மூலம் 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றுங்கள். பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும், பார்த்துக்கோங்க. லேப்டாப்பை ஆன் செய்யும்போது பூட் மெனு கீயை அழுத்துங்கள். லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. அதில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால், ஹார்டு டிஸ்க்கில் எதையும் மாற்றாமல் லினக்ஸ் ஓடும்.

வைஃபை, ஸ்பீக்கர், கேமரா, பிரிண்டர் எல்லாம் வேலை செய்கிறதா? தமிழில் அடிக்க முடிகிறதா? சில நாள் இப்படியே பயன்படுத்துங்கள். பென் டிரைவில் இருந்து ஓடுவதால் கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும். செய்த வேலையை வேறொரு பென் டிரைவில் சேமித்துக்கொள்ளுங்கள்.

திருப்தியா? சான்றிதழ், போட்டோ எல்லாவற்றையும் வெளியே ஒரு பிரதி எடுத்த பிறகே இன்ஸ்டால் செய்யுங்கள். டேலி போல ஒன்றிரண்டுக்கு விண்டோஸ் கட்டாயம் தேவையா? அதை அழிக்காமல் பக்கத்திலேயே லினக்ஸ் போடலாம். ஆன் செய்யும்போது எது வேண்டும் என்று கேட்கும். பழைய விண்டோஸைக் கணக்குக்கு மட்டும், இன்டர்நெட் இணைக்காமல் பயன்படுத்துங்கள். வங்கி, விண்ணப்பம் எல்லாம் லினக்ஸில் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. போனில் பிளே ஸ்டோர் இருப்பது போல மின்ட்டில் 'சாஃப்ட்வேர் மேனேஜர்', உபுண்டுவில் 'ஆப் சென்டர்' இருக்கும். மென்பொருளை முதலில் அங்கேயே தேடுங்கள். இந்த மூன்று லினக்ஸுக்கும் உரிமக் கட்டணம் கிடையாது. கடையில் கொடுத்துப் போட்டால், நீங்கள் தருவது அவர்களின் உழைப்புக்கான கூலி மட்டுமே.