சாயத்தண்ணியும் மிலாறும்: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

மண்ணும் நீரும் காற்றும் தம்மைப் புதுப்பித்துக்கொள்ளும் வேகத்தை மீறாமல் அவற்றைப் பயன்படுத்தி வாழ்வதே நிலைபேறான வாழ்க்கைமுறை எனப்படும். எனினும் அது சுவையையும் சுகத்தையும் துறக்கும் நோன்பு என்ற எண்ணமே பரவலாக வேரூன்றியுள்ளது. இலங்கை மலையகத்தின் தேயிலை மலைகளுக்கு நடுவே அமைந்த நோர்வூட்டுக்கு இவ்வெண்ணம் சற்றும் பொருந்தாது. ஏனெனில் லயன் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் வாழும் குடும்பத்திடம் துறப்பதற்கென்று அதிகம் எதுவும் இல்லை. மாலை நேரச் சாயத்தண்ணியை, அதாவது பால் சேர்க்காத தேநீரை, விட்டுவிடுமாறு எவரும் கேட்கத் தேவையில்லை. அது எப்படிக் கொதிக்க வைக்கப்படுகிறது என்பதே ஆராயத்தக்கது.

விறகு இயற்கையானது, ஆகவே தீங்கற்றது என்பது நிலைபேறு பற்றிய நம்பிக்கைகளுள் மிகப் பழையது. தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டித் தாழ்த்துவதை மலையகத்தார் கவ்வாத்து என்பர். அப்போது விழும் கிளைகளே மிலாறு. காட்டு மரத்தில் கை வைக்காமல், தொழிலின் மிச்சத்திலிருந்தே கிடைக்கும் எரிபொருள் என்பதால் மிலாற்றைக் குறை சொல்வதற்கில்லை. குறை புகையில்தான் இருக்கிறது. ஈர மிலாறு எரியும்போது வெப்பத்தின் ஒரு பகுதி அதிலுள்ள நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிட, அரைகுறையாக எரிந்த நுண்துகள்கள் புகையாகக் கிளம்பி, புகைபோக்கி இல்லாத அறையில், அடுப்படியில் நிற்பவரின், அதாவது பெரும்பாலும் பெண்ணின், நெஞ்சுக்குள் போய்ச் சேருகின்றன. வீட்டுக்குள் எழும் இத்தகைய புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் உயிரிழந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. மிலாற்றை மழை படாத இடத்தில் அடுக்கி நன்கு உலர விடுவதும், பானையை மூடிச் சமைப்பதும் விறகையும் புகையையும் ஒருசேரக் குறைக்கும். கூரைக்கு மேல் எழும் புகைபோக்கியோ லயத்தைக் கட்டி வைத்திருப்பவர்கள் செய்து தரவேண்டிய ஏற்பாடு. அதைக் குடியிருப்பவரின் விழிப்புணர்வுக் குறைவாகக் காட்டுவது நியாயமன்று. அடுப்பு மூட்டப் பொலித்தீன் துண்டைக் கொளுத்தும் வழக்கத்தை மட்டும் முற்றாக விட்டுவிட வேண்டும். ரொட்டி வேகும் இடத்தில் அந்த நச்சுப்புகைக்கு வேலையில்லை. விறகடுப்பு ரொட்டியின் வாசனை இம்மாற்றங்களால் சற்றும் குறைவதில்லை.

மலையகத்து மின்சாரம் தண்ணீரிலிருந்து பிறப்பது, ஆகவே அதை எவ்வளவு செலவழித்தாலும் சூழலுக்குக் கேடில்லை என்பது மற்றொரு நம்பிக்கை. நோர்வூட் வழியாக ஓடும் கெஹெல்கமு ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தேங்கி, 1965 முதல் விமலசுரேந்திர மின்நிலையத்தை இயக்கி வருவது உண்மையே. ஆயினும் நாடு முழுவதற்கும் மின்தொகுதி ஒன்றே. அதற்குள் நுரைச்சோலையின் 900 மெகாவாற் நிலக்கரி நிலையமும், தேவை உச்சத்தை எட்டும்போது இயக்கப்படும் எண்ணெய் நிலையங்களும் அடங்கும். அந்த உச்சவேளையாக மின்கட்டண முறையில் கொள்ளப்படும் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான பொழுதே தேநீர்ப் பொழுதாகவும் அமைந்துவிடுகிறது. ஒரு லீற்றர் நீரைக் கொதிக்க வைக்க ஏறத்தாழ 0.1 அலகு மின்சாரம் வேண்டும். இரண்டு கோப்பைத் தேநீருக்கு ஒன்றரை லீற்றரைக் கொதிக்க வைப்பவர் அதற்கான மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கை வீணாக்குகிறார். அளந்து ஊற்றுவதால் தேநீரின் சுவை கெடுவதில்லை.

தேநீர்ப் பை வெறும் காகிதம், மண்ணில் மக்கிவிடும் என்பதும் முழு உண்மையன்று. சூட்டினால் ஒட்டப்படும் பைகள் பலவற்றில் பொலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்ரிக் இழை கலந்துள்ளது. வடிகட்டியில் இடும் தூளே இங்கு மேலானது, அதுவே மலிவும்கூட.

இரசாயனத்தைக் கைவிட்டாலே விவசாயம் நிலைபேறடையும் என்ற நம்பிக்கைக்கு இலங்கை பெரும் விலை கொடுத்துள்ளது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரே வீச்சில் தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு முடியுமுன் தடை விலக்கப்பட்டது. ஆனால் 2021இல் ஏறத்தாழ 300 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி அடுத்த ஆண்டில் 250 மில்லியன் கிலோ அளவுக்குச் சரிந்தது. சேதனப் பசளை நல்லதே. மண்ணைப் பழக்காமல் ஆணையிட்டு மாற்றியது தவறு.

துணிப்பை எப்போதும் மேலானது என்பாரும் உளர். பிரித்தானியச் சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு பருத்திப் பையைக் குறைந்தது 131 தடவை பயன்படுத்தினால்தான், பருவநிலைப் பாதிப்பைப் பொறுத்தவரை, ஒருமுறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பொலித்தீன் பையைவிட அது மேலாகும். விழாவுக்கு விழா புதிய துணிப்பை வாங்குபவரைவிட, பழைய உரப்பையைக் கழுவித் தைத்து ஆண்டுக்கணக்கில் மரக்கறி சுமக்கும் தோட்டத்துப் பெண்ணே இக்கணக்கில் முன்நிற்கிறார்.

கண்ணுக்கு மறைந்த குப்பை ஊரைவிட்டுப் போய்விட்டது என்ற நம்பிக்கை எஞ்சியிருக்கிறது. நோர்வூட் கடைவீதியின் வடிகாலில் விழுவதை மழைநீர் கெஹெல்கமு ஓயாவில் சேர்க்கிறது. காசல்ரீயில் தங்காதது கீழே போகிறது. அந்த ஓயா மஸ்கெலி ஓயாவுடன் கலந்தே களனி கங்கையாகிறது. கொழும்பின் குடிநீரில் பெரும்பங்கு அக்கங்கையிலிருந்து அம்பத்தளையில் எடுக்கப்படுகிறது.