பள்ளித் தரமும் வட்டார ஏற்றத்தாழ்வும்: கர்நாடகத்தின் சட்ட அனுபவம்

அரசுப் பள்ளிகளின் தரத்தைச் சட்டத்தின் வாயிலாக நிர்ணயிக்க இயலுமா என்னும் வினா நம் நாட்டில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகிறது. சட்டம் பள்ளிக் கட்டடத்தைக் கட்டாது. ஆசிரியரை வகுப்பறைக்கு அழைத்து வராது. எனினும், எந்தப் பள்ளியும் எந்த அளவுக்குக் கீழே இறங்கலாகாது என்பதை வரையறுக்கும் அதிகாரம் சட்டத்திற்கு உண்டு. அவ்வரையறை எல்லா வட்டாரங்களுக்கும் ஒன்றாக இருக்க வேண்டுமா, வட்டாரத்திற்கேற்ப வேறுபட வேண்டுமா என்பதே இங்கு ஆராயப்படும் பொருள். இதற்குக் கர்நாடக மாநிலம் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

பல ஆட்சிகள், பல சட்டங்கள்

1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவாரி மாநிலமாக உருவான மைசூர் மாநிலம், 1973இல் கர்நாடகம் எனப் பெயர் பெற்றது. பழைய மைசூர் சமஸ்தானம், பம்பாய் மாகாணத்தின் தென் மாவட்டங்கள், ஐதராபாத் நிஜாமின் ஆட்சியிலிருந்த பகுதிகள், சென்னை மாகாணத்தின் தென் கன்னட மாவட்டம் முதலியன, குடகு ஆகியவை இம்மாநிலத்தில் ஒன்றிணைந்தன. ஒவ்வொரு பகுதியும் தன் கல்விச் சட்டத்தையும் தன் கல்வி வரலாற்றையும் உடன் கொண்டு வந்தது. மைசூரில் 1913ஆம் ஆண்டிலேயே தொடக்கக் கல்வி ஒழுங்குமுறை இயற்றப்பட்டிருந்தது. சென்னையின் தொடக்கக் கல்விச் சட்டம் 1920இலும், பம்பாயின் சட்டம் 1947இலும் தோன்றியவை. நிஜாம் ஆட்சிப் பகுதிகளோ கல்வியில் மிகவும் பின்தங்கிய நிலையில் புதிய மாநிலத்தில் சேர்ந்தன.

இவ்வேறுபாடுகளை நீக்கும் நோக்குடன் 1961இல் மாநிலம் முழுமைக்கும் கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டம் இயற்றப்பட்டது. அக்காலச் சட்டங்களின் பொதுவான போக்கையொட்டி, குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் கடமை முக்கியமாகப் பெற்றோர்மீதே சுமத்தப்பட்டது. அனுப்பப்பட்ட குழந்தைக்கு எத்தகைய பள்ளி காத்திருக்கிறது என்பது குறித்துச் சட்டம் அதிகம் பேசவில்லை. பின்னர் 1983இல் சட்டமன்றம் நிறைவேற்றிய கர்நாடகக் கல்விச் சட்டம், குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்று 1995இல்தான் நடைமுறைக்கு வந்தது. பள்ளிகளின் பதிவு, அங்கீகாரம், பாடத்திட்டம், மானியம் ஆகியவற்றை இச்சட்டம் ஒரே குடையின்கீழ்க் கொணர்ந்தது. சட்டம் ஒன்றாயிற்று; ஆனால் பள்ளிகள் ஒன்றாகவில்லை.

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. மாநிலத்தின் எழுத்தறிவு சுமார் 75 சதவீதம். தட்சிண கன்னட மாவட்டத்தில் அது 89 சதவீதத்தை ஒட்டியும், பெங்களூரு நகர மாவட்டத்தில் 88 சதவீதத்தை ஒட்டியும் இருந்தது. யாத்கிர் மாவட்டத்திலோ 52 சதவீதத்தை ஒட்டியே நின்றது. ஒரே மாநிலம், ஒரே கல்வித் துறை, ஒரே சட்டம். ஆயினும் இடைவெளி 35 சதவீதப் புள்ளிகளுக்கு மேல்.

மத்தியச் சட்டம் வகுத்த அளவுகோல்

1976ஆம் ஆண்டின் 42ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கல்வியைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. 2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. இவற்றின் பயனாக 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், பள்ளித் தரத்தை முதன்முறையாக நாடு தழுவிய ஓர் அட்டவணையில் வரையறுத்தது.

தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை 2 ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை 3 ஆசிரியர்கள், 91 முதல் 120 வரை 4 ஆசிரியர்கள் என அவ்வட்டவணை கூறுகிறது. நடுநிலை வகுப்புகளில் 35 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியரேனும் இருத்தல் வேண்டும். ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை வீதம் எப்பருவத்திற்கும் ஏற்ற கட்டடம், ஆண் பெண் குழந்தைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறைகள், பாதுகாப்பான குடிநீர், விளையாட்டிடம், சுற்றுச்சுவர் அல்லது வேலி, நூலகம் ஆகியவையும் கட்டாயமாக்கப்பட்டன. முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்களும் 800 கற்பித்தல் மணிகளும், அடுத்த மூன்று வகுப்புகளுக்கு 220 நாட்களும் 1000 மணிகளும் விதிக்கப்பட்டன. கட்டட வசதிகளை நிறைவு செய்ய மூன்றாண்டு அவகாசம் தரப்பட்டது. அது 2013 மார்ச் 31இல் முடிவுற்றது.

ஓர் எளிய கணக்கு

இவ்வளவுகோல் நடைமுறையில் என்ன பொருள்படுகிறது என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். ஐந்து வகுப்புகளும் 58 குழந்தைகளும் உள்ள ஒரு கிராமப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். சட்டப்படி 2 ஆசிரியர்கள் போதும். 200 நாட்களில் 800 மணி என்றால் நாளொன்றுக்கு 4 மணி. இரு ஆசிரியர்களிடமும் சேர்ந்து கிடைப்பது 8 ஆசிரியர்-மணிகள். இதை ஐந்து வகுப்புகளுக்குப் பகிர்ந்தால் வகுப்பொன்றுக்கு 96 நிமிடம் கிடைக்கும். எஞ்சிய நேரத்தில் குழந்தைகள் பிற வகுப்பினரோடு சேர்ந்து அமர்ந்தோ தாமாகவோ கற்க வேண்டும்.

இவ்விரு பணியிடங்களுள் ஒன்று காலியாக இருப்பின், வகுப்பொன்றுக்கு 48 நிமிடமே மிஞ்சும். அந்த ஒருவரும் வட்டாரக் கூட்டத்திற்குச் சென்றுவிட்டால் பள்ளி அன்று பெயரளவிலேயே திறந்திருக்கும். ஒரு பெருநகரப் பள்ளியில் 12 ஆசிரியர்களுள் ஒருவர் இல்லாமற் போவதற்கும், இங்கு இருவருள் ஒருவர் இல்லாமற் போவதற்கும் உள்ள வேறுபாடு வெறும் எண்ணிக்கை வேறுபாடன்று.

சட்டத்தின் 26ஆம் பிரிவு இதை முன்னரே உணர்ந்து எழுதப்பட்டது எனலாம். எந்த ஓர் அரசுப் பள்ளியிலும் அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்களில் 10 சதவீதத்திற்கு மேல் காலியாக இருத்தலாகாது என்பது அப்பிரிவு. ஒவ்வொரு பள்ளியையும் தனித்தனியே அளக்குமாறு அது கூறுகிறது. மாவட்டத்தின் சராசரியையோ மாநிலத்தின் சராசரியையோ அது குறிப்பிடவில்லை. எனவே 10 பணியிடங்களுக்குக் குறைவான எந்தப் பள்ளியிலும் ஒரே ஒரு காலியிடம்கூட சட்டத்திற்கு முரணானதாகும். மாணவர்–ஆசிரியர் விகிதமும் ஒவ்வொரு பள்ளியிலும் பேணப்பட வேண்டுமென 25ஆம் பிரிவு கூறுகிறது. ஆயின் நம் நிர்வாக அறிக்கைகள் பெரும்பாலும் சராசரிகளிலேயே பேசுகின்றன. உபரி ஆசிரியர்கள் உள்ள நகர்ப்புறமும் பற்றாக்குறையுள்ள தாலுகாவும் ஒரே சராசரியில் கலந்துவிடும்போது, குறை கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுகிறது.

தாலுகா என்னும் அலகு

இம்மறைவை அகற்றியதில் பொருளாதார அறிஞர் டி. எம். நஞ்சுண்டப்பா தலைமையிலான உயர்நிலைக் குழுவுக்குப் பெரும் பங்குண்டு. வட்டார ஏற்றத்தாழ்வுகளை ஆராய்ந்து 2002இல் அறிக்கை அளித்த இக்குழு, மாவட்டத்தை விடுத்துத் தாலுகாவை அலகாகக் கொண்டது. 35 குறியீடுகளின் அடிப்படையில் அப்போதிருந்த 175 தாலுகாக்களையும் மதிப்பிட்டு, 114 தாலுகாக்கள் பின்தங்கியவை எனக் கண்டது. இவற்றுள் 39 மிக மிகப் பின்தங்கியவை, 40 மிகவும் பின்தங்கியவை, 35 பின்தங்கியவை.

முதற்பிரிவைச் சேர்ந்த 39 தாலுகாக்களுள் 21 குல்பர்கா கோட்டத்திலும் 5 பெல்காம் கோட்டத்திலும் இருந்தன. வட கர்நாடகத்தின் குறை நியாயமானதே என்பதை இது உறுதிப்படுத்தியது. அதே வேளையில், தென் பகுதியின் 13 தாலுகாக்களுள் 11 பெங்களூரு கோட்டத்திலேயே அமைந்திருந்தன. மென்பொருள் தொழிலால் உலகப் புகழ் பெற்ற நகரத்தின் பெயரைத் தாங்கிய கோட்டத்திலேயே மிக மிகப் பின்தங்கிய தாலுகாக்கள் உள்ளன என்பது சராசரிகளை மட்டும் நோக்குவோர் காண இயலாத உண்மை.

இக்குழு எட்டாண்டுகளில் 31,000 கோடி ரூபாய்ச் செலவிலான சிறப்பு வளர்ச்சித் திட்டத்தைப் பரிந்துரைத்தது. திட்டம் 2007–08 முதல் செயற்படுத்தப்பட்டது. 2012ஆம் ஆண்டின் 98ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 371 ஜே என்னும் பிரிவைச் சேர்த்து, ஐதராபாத்–கர்நாடகப் பகுதிக்குத் தனி வளர்ச்சி வாரியத்திற்கும், வேலைவாய்ப்பிலும் கல்வியிலும் தொழிற்பயிற்சியிலும் நியாயமான வாய்ப்புகளுக்கும் வழிவகுத்தது. இப்பகுதி 2019 முதல் கல்யாண கர்நாடகம் என வழங்கப்படுகிறது.

தரம் வேறுபடலாமா?

பின்தங்கிய வட்டாரங்களுக்குத் தர அளவைச் சற்றுத் தளர்த்தலாம் என்று சிலர் கருதுகின்றனர். வசதியற்ற இடத்தில் நகரத்தின் அளவை எதிர்பார்ப்பது பொருந்தாது என்பது அவர்கள் வாதம். இதை ஏற்பதற்கில்லை. தளர்த்தப்பட்ட அளவு நாளடைவில் நிலைத்த அளவாகிவிடும். யாத்கிர் குழந்தையின் உரிமை மங்களூர்க் குழந்தையின் உரிமையைவிடச் சிறியது எனச் சட்டமே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

வட்டாரத்திற்கேற்ப வேறுபட வேண்டியவை வேறு. கனமழை பெய்யும் மலைநாட்டின் சிதறிய குடியிருப்புகளில் பள்ளியின் தூரமும் போக்குவரத்தும் முதற் சிக்கல். கோடை வெப்பம் மிகுந்த ராய்ச்சூரில் குடிநீரும் பள்ளி நேரமும் முக்கியம். இடநெருக்கடி மிகுந்த பெங்களூருவில் விளையாட்டிடமே அரிது. பெங்களூருவிலும் கோலார் தங்கவயலிலும் உள்ள தமிழ்வழிப் பள்ளிகளில் ஆசிரியரின் எண்ணிக்கை மட்டும் போதாது. அவர் அம்மொழியில் கற்பிக்க வல்லவராகவும் இருத்தல் வேண்டும். சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்யுமாறு அரசியல் சட்டத்தின் 350 ஏ பிரிவு கூறுவதும் இதையே. எனவே தரத்தின் அடித்தளம் ஒன்றாகவும், அதை எட்டும் முறை, முன்னுரிமை, நிதி ஆகியவை வட்டாரத்திற்கேற்றவையாகவும் அமைதல் பொருத்தமானது.

பாடத்திட்டத்தை ஒருமைப்படுத்துவதும் இவ்வகையில் முழுத் தீர்வாகாது. தமிழ்நாட்டில் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே கொணரப்பட்ட சமச்சீர் கல்வி, 2011இல் உச்சநீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் முழுமையாக நடைமுறைக்கு வந்து, நான்கு வகைப் பாடத்திட்டங்களை ஒன்றாக்கியது. பாடநூல் ஒன்றாவது சமத்துவத்தின் முதற்படி; அதைக் கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் இடமும் சமமாவது அடுத்த படி.

சட்டத்தின் விடுபட்ட பகுதி

தர அளவுகளை மீறும் தனியார் பள்ளி அங்கீகாரத்தை இழக்கும். இழந்த பின்னும் நடத்தப்பட்டால் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும், தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் பத்தாயிரம் ரூபாயும் விதிக்கலாம். அரசுப் பள்ளிக்கு அங்கீகாரம் பெறும் தேவையே இல்லை. ஆகவே இழப்பதற்கும் ஒன்றுமில்லை. அட்டவணைக்கேற்ற தரமான கல்வியை உறுதி செய்யும் கடமை 8ஆம் பிரிவின்படி அரசுக்கு உண்டு. எனினும் அக்கடமை தவறப்பட்டால் என்ன விளையும் என்பது கூறப்படவில்லை. பெற்றோர் உள்ளாட்சி அமைப்பிடம் முறையிடலாம். மூன்று மாதங்களில் முடிவு கூறப்பட வேண்டும். ஆனால் ஆசிரியரை நியமிக்கும் அதிகாரம் பெரும்பாலும் அந்த அமைப்பிடம் இருப்பதில்லை.

அரசையே பொறுப்பாக்கிய முன்மாதிரி வெளிநாட்டில் உண்டு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஏழைப் பள்ளி வட்டாரங்கள் 66 ஒன்று சேர்ந்து தொடுத்த வழக்கில், மாநிலத்தின் பள்ளி அமைப்பு முழுவதுமே அரசியல் சட்டத்திற்கு முரணானது என 1989இல் அம்மாநில உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே சட்டமன்றம் புதிய கல்விச் சட்டத்தை இயற்றி, நிதிப் பங்கீட்டையும் மாற்றியமைத்தது. தரத்தை வரையறுப்போரே அதற்கான பணத்தையும் தர வேண்டும் என்பது அதன் படிப்பினை.

செய்யத்தக்கவை

நம்மிடம் முன்மாதிரி இல்லாமலில்லை. கர்நாடகத்தின் அட்சர தாசோகா மதிய உணவுத் திட்டம் 2002இல் வடகிழக்கு மாவட்டங்களில் முதலில் தொடங்கப்பட்டு, பின்னரே மாநிலம் முழுவதும் விரிந்தது. தேவை மிகுந்த இடத்திலிருந்து தொடங்கும் இம்முறையை ஆசிரியர் நியமனத்திலும் பின்பற்றலாம். ஆசிரியர் இடமாற்றத்தை ஒழுங்குபடுத்த இம்மாநிலம் 2007இலும் 2020இலும் சட்டங்கள் இயற்றியுள்ளது. மிக மிகப் பின்தங்கிய தாலுகாக்களின் சிறு பள்ளிகளில், மாற்று ஆசிரியர் பொறுப்பேற்ற பின்னரே முன்னவர் விடுவிக்கப்பட வேண்டும் என்னும் விதி தளர்வின்றிப் பின்பற்றப்படுமாயின் 26ஆம் பிரிவு உயிர் பெறும்.

அடுத்து, அட்டவணையின் ஒவ்வோர் இனத்திலும் ஒவ்வொரு பள்ளியின் நிலையைத் தாலுகாவாரியாகத் தொகுத்து, ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்துடன் சட்டமன்றத்தில் வைப்பதைச் சட்டக் கடமையாக்கலாம். குறையையும், அதை நீக்கும் காலக்கெடுவையும், அதற்கென ஒதுக்கிய தொகையையும் ஒரே ஏட்டில் காணும்போது உறுப்பினர்கள் கேள்வி கேட்க இயலும்.

மூன்றாவதாக, ராஜா ராமண்ணா தலைமையிலான பணிக்குழுவின் பரிந்துரையையொட்டி 2001இல் அமைக்கப்பட்ட பள்ளி வளர்ச்சி, மேற்பார்வைக் குழுக்களைப் பயன்படுத்த வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டமே அரசு மானியத்தின் அடிப்படையாக வேண்டுமெனக் கல்வி உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு கூறுகிறது. பெற்றோர் எழுதும் அத்திட்டம் கோப்பில் உறங்காமல் நிதி ஒதுக்கீட்டைத் தீர்மானிக்குமாயின், வட்டாரத் தேவை தானாகவே வெளிப்படும்.

நல்ல அளவுகோல் ஏற்கனவே நம் கையில் உள்ளது. அதைச் சராசரியின்மீது வைத்து அளப்பதை விடுத்து, கடைக்கோடித் தாலுகாவின் இரு ஆசிரியர் பள்ளியில் வைத்து அளக்கத் துணிவதே இப்போது வேண்டுவது. அங்கு அது நிறைவேறுமாயின், மாநிலத்தின் பிற பள்ளிகளில் நிறைவேறுவது அரிதன்று.