உதட்டுப் பிளவு: அறுவைக்கூடத்துக்கு முன்னும் உள்ளும்

மாணவர்களே, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே விரலால் தடவிப் பாருங்கள். ஒரு சிறு பள்ளமும் அதன் இருபுறமும் மெல்லிய மேடுகளும் தட்டுப்படும். கருவில் தனித்தனியாக வளர்ந்த முகத்தின் பகுதிகள் ஒன்றுசேர்ந்த இடம் அது. கருவின் 4ஆம் வாரத்திற்கும் 7ஆம் வாரத்திற்கும் இடையில் உதடு உருவாகி முடிந்துவிடுகிறது. இந்த இணைப்பு முழுமை பெறாவிட்டால் குழந்தை உதட்டுப் பிளவுடன் பிறக்கும். மலாயில் இதை 'பிபிர் சும்பிங்' என்பார்கள். வாயின் மேற்கூரையான அண்ணம் சேராமல் போவது அண்ணப் பிளவு. உலக அளவில் ஏறக்குறைய 700 குழந்தைகளில் ஒன்று இவற்றில் ஒன்றுடனோ இரண்டுடனுமோ பிறக்கிறது.

கிரகணமா காரணம்?

"கிரகணத்தில் வெளியே வந்தாள், கத்தியைத் தொட்டாள், அதனால்தான்" என்று தாயின் மேல் பழி போடும் பேச்சு நம் வீடுகளில் இன்னும் ஓயவில்லை. இதை அறிவியல் மாணவராக நின்று ஆராயுங்கள். 7ஆம் வாரத்திற்குள் உருவாகி முடிந்த உதட்டை, 5ஆம் மாதத்தில் வரும் கிரகணம் எப்படிப் பிளக்கும்? சூரிய கிரகணம் என்பது நிலவின் நிழல் மட்டுமே. ஓர் ஊரில் அது எப்போதோ ஒருமுறைதான் தெரியும். உதட்டுப் பிளவுள்ள குழந்தைகளோ ஒவ்வோர் ஆண்டும் பிறக்கிறார்கள்.

மரபணுக்களும் சூழலும் சேர்ந்தே இதற்குக் காரணமாகின்றன. கர்ப்ப காலத்தில் புகைபிடித்தல், கர்ப்பத்துக்கு முன்பே உள்ள நீரிழிவு, சில வலிப்பு மருந்துகள் ஆகியவை வாய்ப்பைக் கூட்டும். பல குழந்தைகளுக்குத் தனிக் காரணம் எதையும் சுட்டிக்காட்ட முடியாது. குற்ற உணர்ச்சியால் குழந்தையை மறைத்து வைத்தால் சிகிச்சைக்குரிய காலம்தான் வீணாகும்.

பத்தின் விதி

கோல சிலாங்கூர், சபாக் பெர்ணம் வட்டாரத் தோட்டங்களில் இருப்போருக்குத் தஞ்சோங் காராங் மருத்துவமனை தெரிந்த இடம். இந்த அறுவை சிகிச்சைக்கு, பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு உள்ள கோலாலம்பூர் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கே போனதும் உடனே அறுவை நடந்துவிடாது. குழந்தை அதற்குத் தயாரா என்று பார்க்க மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் கணக்கு 'பத்தின் விதி': வயது 10 வாரம், எடை 10 பவுண்டு (சுமார் 4.5 கிலோ), 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 10 கிராம் ஹீமோகுளோபின். பொதுவாக 3 முதல் 6 மாதத்திற்குள் உதடு சரிசெய்யப்படுகிறது.

ஏன் காத்திருக்க வேண்டும்? கைக்குழந்தையின் உடலில் ஒரு கிலோ எடைக்குச் சுமார் 80 மில்லிலிட்டர் இரத்தம் இருக்கும். 4.5 கிலோ குழந்தைக்கு மொத்தமே 360 மில்லிலிட்டர்தான். ஒரு டின் குளிர்பானத்தைவிடச் சற்றே அதிகம். பெரியவருக்குப் பொருட்டாகாத இரத்த இழப்புகூட அக்குழந்தைக்குப் பெரிது.

பசித்திருக்கும் நேரம்

மருத்துவமனைச் சீட்டில் 'புவாசா' என்று எழுதியிருப்பதைப் பாட்டிக்கு வாசித்துச் சொல்பவர் நீங்களாகவே இருக்கலாம். மாவுப்பால் 6 மணி நேரத்துக்கு முன், தாய்ப்பால் 4 மணி நேரத்துக்கு முன், வெறும் நீர் 2 மணி நேரத்துக்கு முன் நிறுத்தப்பட வேண்டும் என்பது பொதுக்கணக்கு. மருத்துவமனை வேறு நேரம் குறித்துக் கொடுத்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

மயக்க மருந்து கொடுத்ததும், இருமித் தற்காத்துக்கொள்ளும் உடலின் அனிச்சைச் செயலும் உறங்கிவிடும். அப்போது வயிற்றில் இருக்கும் பால் மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. "பிள்ளை அழுகிறதே" என்று இரக்கப்பட்டுக் கொடுக்கும் ஒரு வாய்ப் பாலால் அறுவை தள்ளிப்போகும். சளி, காய்ச்சல் இருந்தாலும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அறுவைக்கூடத்தில்

முதலில் குழந்தையின் பெயர், செய்யப்போகும் சிகிச்சை, ஒவ்வாமை ஆகியவற்றை மருத்துவக் குழு உரக்கக் கேட்டுச் சரிபார்க்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட பாதுகாப்புப் பட்டியலில் இத்தகைய 19 சோதனைகள் உள்ளன.

மயக்க மருந்து நிபுணர் குழந்தையை உறங்கவைத்து, மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்துவார். விரலிலோ பாதத்திலோ மாட்டும் சிறு கருவி, இரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்பதை விடாமல் காட்டிக்கொண்டிருக்கும்.

கத்தியை எடுப்பதற்கு முன் அறுவை மருத்துவர் எடுப்பது அளவுகோலும் மையும்தான். உதட்டின் விளிம்பு, பள்ளத்தின் நடு, மூக்கின் அடி ஆகியவற்றை அளந்து புள்ளி வைப்பார். இரண்டு ஓரங்களையும் இழுத்து நேராகத் தைத்தால் போதாதா? போதாது. பிளவுள்ள பக்கத்தில் உதட்டின் உயரம் குறைவு. நேர்கோட்டுத் தழும்பு ஆறும்போது சுருங்கி, உதட்டை இன்னும் மேலே இழுத்துவிடும். அமெரிக்க மருத்துவர் ரால்ஃப் மில்லார்டு 1955இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் இதற்கு ஒரு வழியை விளக்கினார். பிளவின் ஒரு பக்கத் திசுவைக் கீழ்நோக்கிச் சுழற்ற வேண்டும்; மறுபக்கத் திசுவை நகர்த்தி அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும். இந்த முறையும் இதிலிருந்து வளர்ந்த முறைகளும் இன்றும் உலகெங்கும் பயன்படுகின்றன.

வாயைக் குவித்து விசில் அடித்துப் பாருங்கள். உதட்டைச் சுற்றி ஒரு தசை வளையம் இறுகுவதை உணர்வீர்கள். பிளவுள்ள குழந்தைக்கு அவ்வளையம் அறுந்து, அதன் முனைகள் மூக்கின் அடியில் ஒட்டியிருக்கும். மருத்துவர் அவற்றை விடுவித்து ஒன்றோடொன்று இணைக்கிறார். பிறகு உள்தோல், தசை, வெளித்தோல் என மூன்று அடுக்குகளாகத் தைக்கிறார். வெளித்தோலை மட்டும் தைத்தால் தோற்றம் ஓரளவு சீராகும். ஆனால் உதடு ஒழுங்காக அசையாது.

அதோடு முடிவதில்லை

அண்ணப் பிளவும் இருந்தால் வழக்கமாக 9 முதல் 18 மாதத்திற்குள் இன்னோர் அறுவை நடக்கும். 'ப' என்ற ஒலிக்கு உதடுகள் மூட வேண்டும்; காற்று மூக்கு வழியே கசியவும் கூடாது. அண்ணம் மூடியிருந்தால்தான் அது முடியும். பேச்சுப் பயிற்சி, காது, பல் பரிசோதனைகள் பள்ளிப் பருவத்திலும் தொடரும். உங்கள் வகுப்பில் மேலுதட்டில் மெல்லிய தழும்புள்ள நண்பர் இருந்தால், இந்தப் படிகளையெல்லாம் கடந்து வந்தவர் அவர் என்பதை நினைவில் வையுங்கள்.

சிந்தித்து விடை காண்க

1. அறுவை காலை 8 மணிக்கு என்றால், பொதுக்கணக்குப்படி மாவுப்பாலையும் தாய்ப்பாலையும் எத்தனை மணிக்குள் கொடுத்து முடிக்க வேண்டும்?
2. 5 கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் சுமார் எவ்வளவு இரத்தம் இருக்கும்?
3. கிரகணம்தான் காரணம் என்று சொல்பவரிடம் எந்த இரண்டு உண்மைகளை எடுத்துரைப்பீர்கள்?