மருத்துவக் கல்லூரி இடங்களும் கிராமத்துப் பிள்ளைகளும்

கிராமப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளை நோக்கி, "நீ என்ன படிக்கப் போகிறாய்?" என்று வினவினால், பலர் சிறிதும் தயங்காது "டாக்டருக்குப் படிக்கப் போகிறேன்" என்று விடை கூறுகின்றனர். இவ்வாசை போற்றத் தக்கதே. ஊரிலே பிறந்து வளர்ந்து, ஊராரின் உணவையும் உழைப்பையும் நோயையும் நேரில் அறிந்த ஒருவர் மருத்துவராகி வருவாராயின், அதனால் விளையும் நன்மை பெரிது. ஆயினும், அந்த ஆசை நிறைவேறும் வழி எத்தகையது, அவ்வழியில் எந்தெந்தக் காலத்தில் என்னென்ன செய்ய வேண்டும் என்பவற்றைப் பெற்றோரிற் பலர், பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பின்னரே விசாரிக்கத் தொடங்குகின்றனர். அதற்குள் சில வாயில்கள் அடைபட்டு விடுகின்றன. ஆகவே, மருத்துவக் கல்லூரி இடங்கள் எவ்வாறு பகிர்ந்தளிக்கப்படுகின்றன என்பதையும், இதில் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஆற்றத்தக்க தொண்டு யாது என்பதையும் இங்கு ஆராய்வோம்.

இடங்கள் பெருகிய வகை

சென்னை மருத்துவக் கல்லூரி 1835-ஆம் ஆண்டில் தோன்றியது. அதன்பின் நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 1938-இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி அமைந்தது. தலைநகரை விட்டு வெளியே, மதுரையில் அரசாங்க மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது 1954-ஆம் ஆண்டில்தான். பின்னர்த் தஞ்சை, திருநெல்வேலி, கோவை எனக் கல்லூரிகள் பரவின. 2022-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் விருதுநகர், நாமக்கல், நீலகிரி, திருப்பூர், திருவள்ளூர், நாகப்பட்டினம், திண்டுக்கல், கள்ளக்குறிச்சி, அரியலூர், இராமநாதபுரம், கிருஷ்ணகிரி ஆகிய பதினொரு மாவட்டங்களில் ஒரே நாளில் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்து வைக்கப்பட்டன. இவற்றால் மட்டும் 1,450 எம்.பி.பி.எஸ். இடங்கள் கூடுதலாயின.

இடங்கள் பெருகியது உண்மையே. ஆயின் அவற்றை நாடுவோரும் பெருகியுள்ளனர். இந்தியா முழுவதிலும் அரசு, தனியார் கல்லூரிகள் இரண்டிலும் சேர்த்து உள்ள எம்.பி.பி.எஸ். இடங்கள் 1 லட்சத்து 15 ஆயிரத்துக்கு மேல். 2025-ஆம் ஆண்டில் நுழைவுத் தேர்வு எழுதியவர்களோ ஏறத்தாழ 22 லட்சம் பேர். அஃதாவது, ஓர் இடத்திற்குப் பலர் போட்டியிடுகின்றனர். இந்த இடங்களிலும் ஏறக்குறையப் பாதியே அரசுக் கல்லூரிகளில் உள்ளன. மற்றவை தனியார் கல்லூரிகளில் இருப்பதால், பணம் என்னும் இன்னொரு வேலியும் குறுக்கே நிற்கிறது.

நுழைவுத் தேர்வு

தமிழகத்தில் மருத்துவக் கல்விக்கு ஆள் தெரியும் முறை பன்முறை மாறியுள்ளது. 1984 முதல் 2006 வரை மாநில அரசாங்கமே நுழைவுத் தேர்வு நடத்தியது. பின்பு அது நீக்கப்பட்டு, 2007 முதல் 2016 வரை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களே அடிப்படையாகக் கொள்ளப்பட்டன. 2017 முதல் 'நீட்' எனப்படும் அனைத்திந்தியத் தேர்வு நடைமுறைக்கு வந்தது. இதிலிருந்து விலக்குக் கோரித் தமிழகச் சட்டமன்றம் 2017, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் மசோதாக்களை நிறைவேற்றிய போதிலும், அவை சட்டமாகவில்லை. ஆதலின் 2017 முதல் அரசுக் கல்லூரியாயினும் தனியார் கல்லூரியாயினும், எம்.பி.பி.எஸ். படிப்பில் சேர நீட் தேர்ச்சி கட்டாயமாகவே இருந்து வருகிறது.

2025-ஆம் ஆண்டுத் தேர்வில் மூன்று மணி நேரத்தில் 180 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டியிருந்தது. உயிரியலில் 90, இயற்பியலில் 45, வேதியியலில் 45 வினாக்கள். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறைக்கப்படும். வினாத்தாளைத் தமிழிலும் பெறலாம். ஆனால் விண்ணப்பம் செய்யும் போதே அதனைக் குறிப்பிட வேண்டும்.

நான்கு வாயில்கள்

தேர்வில் தேறியவர்க்கு இடம் தானே வந்து சேரும் எனப் பலர் எண்ணுகின்றனர். இஃது பிழை. தேர்ச்சி என்பது வாயில் வரை செல்ல அனுமதிச் சீட்டு மட்டுமே. உள்ளே செல்வதற்கு நான்கு வாயில்கள் உள்ளன.

முதலாவது, அகில இந்திய ஒதுக்கீடு. மாநில அரசாங்கக் கல்லூரிகளின் இடங்களில் 15 விழுக்காடு இவ்வகையில் சேரும். இதற்கு மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழுவிடம் தனியே பதிவு செய்து கொள்ள வேண்டும்.

இரண்டாவது, மாநில ஒதுக்கீடு. அரசுக் கல்லூரிகளின் எஞ்சிய 85 விழுக்காட்டு இடங்கள் இதில் அடங்கும். இவற்றுக்குச் சென்னைக் கீழ்ப்பாக்கத்திலுள்ள தேர்வுக் குழுவினர் விண்ணப்பம் பெற்றுக் கலந்தாய்வு நடத்துகின்றனர். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோர்க்குரிய 69 விழுக்காடு இடஒதுக்கீடு இங்கே கடைப்பிடிக்கப்படுகிறது.

மூன்றாவது, தனியார் சுயநிதிக் கல்லூரிகளில் அரசாங்கத்துக்கு விடப்படும் இடங்கள். சிறுபான்மையினர் நடத்தாத கல்லூரிகளில் 65 விழுக்காடும், சிறுபான்மையினர் கல்லூரிகளில் 50 விழுக்காடும் இவ்வாறு பெறப்படுகின்றன. நான்காவது, அக்கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களும், நிகர்நிலைப் பல்கலைக் கழக இடங்களும் ஆகும். இவற்றிற்கும் நீட் மதிப்பெண்ணும் கலந்தாய்வும் உண்டு. கல்லூரி முதலாளி தம் விருப்பப்படி எவருக்கும் வழங்கிவிட இயலாது.

இவற்றிடையே கட்டண வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரம் ரூபாய்களில் அடங்கும். சுயநிதிக் கல்லூரியின் அரசு இடத்திற்கு அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. நிர்வாக இடத்திற்கு அதனினும் சுமார் மூன்று மடங்கு. நிகர்நிலைப் பல்கலைக் கழகங்களிற் பலவற்றில் 20 லட்சத்தையும் தாண்டுகிறது. படிப்போ நாலரை ஆண்டுகள். அதன்மேல் ஓராண்டுப் பயிற்சி. கையளவு நிலமுள்ள குடியானவர் இக்கணக்கைத் தொடக்கத்திலேயே போட்டுப் பார்த்தல் நலம்.

ஆறாம் வகுப்பிலேயே தொடங்கும் உரிமை

இங்குதான் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உள்ளது. நீட் வந்த தொடக்க ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளிலிருந்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர் தொகை மிகச் சிறிதாயிருந்தது. இக்குறையை நீக்க, ஓய்வு பெற்ற நீதிபதி பி. கலையரசன் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் பின், 2020-ஆம் ஆண்டில் அரசுப் பள்ளி மாணாக்கர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கும் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் முதல் ஆண்டிலேயே 300-க்கு மேற்பட்ட எம்.பி.பி.எஸ். இடங்கள் இப்பிள்ளைகளுக்குக் கிடைத்தன. 2022-இல் சென்னை உயர்நீதிமன்றமும் இச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

ஒரு கணக்கால் இதனை விளக்குவோம். ஓர் அரசுக் கல்லூரியில் 100 இடங்கள் உள்ளன எனக் கொள்வோம். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு 15 போக, மாநிலத்திற்கு 85 எஞ்சும். அதில் 7.5 விழுக்காடு ஏறத்தாழ 6 இடங்கள். இனி, 150 இடங்களுள்ள ஒரு தனியார் கல்லூரியில் அரசாங்கத்துக்குரிய 65 விழுக்காடு ஏறத்தாழ 97 இடங்கள்; அவற்றிலும் 7 இடங்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கே உரியவை. தனியார் கல்லூரியில் இவ்வாறு இடம் பெறுவோரின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசாங்கமே ஏற்றுக்கொள்கிறது. இவ்வொதுக்கீட்டில், பொதுப் பட்டியலுக்கு வேண்டியதைவிடக் கணிசமாகக் குறைந்த மதிப்பெண்ணிலேயே இடம் கிடைக்கிறது. ஆயினும் கல்லூரியில் அவர்கள் கற்கும் பாடமும் எழுதும் தேர்வும் மற்றவர்க்கு உள்ளவையே.

ஆனால் இவ்வுரிமைக்கு ஒரு நிபந்தனை உண்டு. பிள்ளை 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு முடிய அரசுப் பள்ளியிலேயே பயின்றிருத்தல் வேண்டும். பஞ்சாயத்து யூனியன் பள்ளி, நகராட்சி, மாநகராட்சிப் பள்ளிகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலப் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள், வனத்துறைப் பள்ளிகள் ஆகியவை இதில் அடங்கும். கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ்த் தனியார் பள்ளியில் 8-ஆம் வகுப்பு வரை படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் பயின்றவர்களும் தகுதி உடையர். அரசு உதவி பெறும் தனியார் பள்ளிகள் இதில் சேரா. உதவி பெறும் பள்ளியையும் அரசுப் பள்ளி என்றே எண்ணி ஏமாறுவோர் உளர்.

எடுத்துக்காட்டாக ஒரு விவசாயக் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். மகள் அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் முதன்மையாகத் தேறுகிறாள். அவளை டாக்டராக்கும் ஆர்வத்தால் தந்தை நகைகளை அடகு வைத்து, பக்கத்து நகரத்துத் தனியார் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பிற் சேர்க்கிறார். அவர் நினைத்தது மகளின் நன்மையையே. ஆயின் அந்த ஒரு செயலால், ஐந்தாண்டுகள் அவள் சேர்த்து வைத்த உரிமை ஒரே நாளில் அற்றுப் போகிறது. கடனும் மிஞ்சுகிறது. தனியார் பள்ளியை நாடுவதும் நாடாததும் பெற்றோரின் உரிமை. அதில் பிறர் தலையிடுதல் தகாது. ஆனால், எதை இழந்து எதைப் பெறுகிறோம் என்பதை அறிந்து முடிவு செய்தல் வேண்டும். அதனை அவர்களுக்குக் காலத்தில் எடுத்துரைப்பது ஊர்ப் பெரியோரின் கடமையாகும்.

தரகர்களிடம் எச்சரிக்கை

ஒவ்வோர் ஆண்டும் தேர்வு முடிவுகள் வந்ததும், "இடம் வாங்கித் தருகிறோம்" என்று கூறிக் கொண்டு தரகர்கள் ஊர்களில் நடமாடுகின்றனர். எல்லா இடங்களும் கலந்தாய்வின் வழியே நிரப்பப்படுவதால், இவர்களால் இடம் பெற்றுத் தர இயலாது. முன்பணம் கொடுத்தவர் அதனை இழப்பதே வழக்கம்.

வெளிநாட்டுப் படிப்புக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். வெளிநாட்டில் மருத்துவம் பயின்று வந்து இந்தியாவில் தொழில் செய்ய விரும்புவோர் நீட் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். திரும்பி வந்தபின் இங்குத் தகுதித் தேர்விலும் தேற வேண்டும். 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, அங்குப் பாடங்கள் ஆங்கிலத்தில், குறைந்தது 54 மாதங்கள் நடைபெற்றிருக்க வேண்டும். 2022-இல் உக்ரைனில் போர் மூண்ட போது, அங்குப் பயின்ற நம் மாணாக்கர் பல்லாயிரவர் படிப்பை நடுவில் விட்டுத் திரும்ப நேர்ந்ததை யாவரும் அறிவர்.

பஞ்சாயத்துகள் செய்ய வேண்டுவன

1. ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளின் பெற்றோரையும், பத்தாம் வகுப்பு முடிப்போரின் பெற்றோரையும் ஆண்டுதோறும் அழைத்து, 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டின் நிபந்தனைகளை விளக்க வேண்டும். பள்ளி மாறும் காலங்களுள் இவை முக்கியமானவை. மே 1-ஆம் நாள் கூடும் கிராம சபை இதற்கு ஏற்ற இடம்.

2. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று முதலியவற்றைப் பன்னிரண்டாம் வகுப்பின் தொடக்கத்திலேயே பெறச் செய்ய வேண்டும். பழங்குடியினர் சான்றினைக் கோட்டாட்சியர் நேரிய விசாரணைக்குப் பின்னரே வழங்குவார். ஆதலின் அதற்குப் பல மாதங்கள் முன்னதாகவே விண்ணப்பித்தல் வேண்டும். சான்றில் உள்ள பெயரும் பள்ளிப் பதிவிலுள்ள பெயரும் எழுத்துப் பிசகாமல் ஒத்திருக்கின்றனவா எனவும் பார்க்க வேண்டும்.

3. நீட் விண்ணப்பம் அண்மை ஆண்டுகளில் பெப்ரவரித் திங்களை ஒட்டிப் பெறப்பட்டு வருகிறது. முடிவு வந்தபின் மாநிலத் தேர்வுக் குழுவுக்குத் தனி விண்ணப்பம் செய்ய வேண்டும். இவ்விரண்டாம் விண்ணப்பத்தை மறந்து இடம் இழப்பவர் உண்டு. அறிவிப்பு வெளியான நாளிலேயே அதனைப் பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் எழுதி வைத்தல் எளிய செயல், பயனோ பெரிது. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக் கூடுமாதலின், அவ்வாண்டுக் கையேட்டையே நம்ப வேண்டும்.

4. பள்ளி மேலாண்மைக் குழுவில் ஊராட்சிப் பிரதிநிதிக்கும் இடமுண்டு. அரசுப் பள்ளிகளில் நடைபெறும் இலவசப் பயிற்சிக்குப் பிள்ளைகள் ஒழுங்காகச் செல்கின்றனரா, மாலையில் வீடு திரும்பப் பேருந்து உண்டா, இயற்பியல், வேதியியல் ஆசிரியர் பணியிடங்கள் நிரம்பியுள்ளனவா என்பவற்றை அக்குழுவில் கேட்டறிந்து, குறையிருப்பின் மேலிடத்துக்கு எழுத வேண்டும்.

இடம் கிடையாதவர்

எத்துணை முயன்றாலும் அனைவர்க்கும் இடம் கிட்டாது என்பது மேற்கூறிய கணக்கிலிருந்தே விளங்கும். அத்தகைய பிள்ளைகளைப் பழித்தலோ அண்டை வீட்டாரோடு ஒப்பிட்டு வருத்துதலோ கூடாது. ஒரு தேர்வு ஒரு பிள்ளையின் முழு மதிப்பையும் அளந்துவிடும் படி அன்று. பல் மருத்துவம், சித்த மருத்துவம், ஹோமியோபதி ஆகிய படிப்புகளுக்கும் இதே சட்டத்தின்படி 7.5 விழுக்காடு உண்டு. செவிலியர் பட்டப் படிப்பு, மருந்தாக்கியல், ஆய்வகப் படிப்புகள் ஆகியனவும் நோயாளிக்குத் துணைநிற்கும் தொழில்களே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் ஒருவர் மட்டும் இருந்து பணி நடைபெறுவதில்லை என்பதைப் பிள்ளைகளுக்கு உணர்த்துவோமாக.

விதை நல்லதாயினும் பருவம் தவறி விதைத்தால் விளைச்சல் குன்றும் என்பது விவசாயிகளாகிய நமக்குப் பிறர் சொல்ல வேண்டுவதில்லை. மருத்துவக் கல்விக்கும் பருவம் உண்டு. அது பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை அன்று. ஆறாம் வகுப்பில் பெயர் பதியும் நாளே. இவ்வாண்டு நம் ஊரில் ஐந்தாம் வகுப்பை முடிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் எங்குச் சேரப் போகின்றனர் என்று ஒவ்வொரு பஞ்சாயத்தும் ஒரு பட்டியல் எடுக்குமாயின், அதுவே நற்றொடக்கமாகும்.